பெட்டியில் வைத்திருந்த சப்பாத்து

கிள்ளான் நகரத்துக்கு, எனக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை என்னிடம் இரண்டு ஜோடி சப்பாத்துகள் இருந்தன. ஒன்று தினமும் வேலைக்குப் போட்டுப்போவது. அதன் குதி, தோல் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடித்தது. தரையில் படும் இடத்தில் மட்டும் ரப்பர். ரப்பர் தேய்ந்ததும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைவரிசை நடைபாதையில் உட்கார்ந்து சப்பாத்து தைக்கும் சீனரிடம் மாற்றிக்கொள்வேன். அப்படி மூன்று முறை மாற்றியாகிவிட்டது. ஆனாலும் வெளிப்பக்கம் சரிந்தே தேயும். அது என் நடையின் குறை.

மற்றது ஒரு நண்பனின் கல்யாணத்துக்கு வாங்கியது. ஒரே ஒரு நாள் போட்டேன். அடியும் குதியும் ஒரே வார்ப்பு. உள்ளே நுரை, எடையே இல்லை. நடந்தால் சத்தமும் வராது. அதைத் துடைத்து, பெட்டிக்குள் பூச்சி உருண்டை போட்டு, அலமாரியின் மேல் வைத்தேன். மூன்று ஆண்டுகள் அங்கேயே இருந்தது. எனக்குத் தெரிந்த எல்லா வீட்டு அலமாரியின் மேலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. கோயிலிலும் வீட்டிலும் கழற்றிவிட வேண்டிய பொருள்தானே என்று, நல்லதை நாங்கள் யாரும் தேயவிடுவதில்லை.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு முப்பத்து மூன்று வயது. தமிழ் நாளிதழ் ஒன்றில் துணையாசிரியர். அந்த வேலையைக் கேட்டதுமே இரண்டு குடும்பங்கள் பின்வாங்கியிருந்தன. இந்த மூன்றாவது இடத்தை நானே அக்காவிடம் சொன்னேன். பள்ளி விழா ஒன்றுக்குச் செய்தி சேகரிக்கப் போனபோது, ஓர் ஆசிரியை மேடைக்குப் பக்கத்தில் நின்று, அச்சான நிகழ்ச்சி நிரல்களில் இருந்த ஒரே பிழையை ஒவ்வொரு பிரதியிலும் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார். பெயரை விசாரித்து வைத்துக்கொண்டேன். அவருடைய அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரிகைக்காரன் என்றதும், "ஒழுங்கா இருக்குற ஆளா?" என்று ஆள் விட்டுக் கேட்டிருந்தார். அதனால்தான் அலமாரிப் பெட்டியை இறக்கினேன்.

பேருந்தை விட்டு இறங்கி அவர்கள் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது வலது கால் லேசாகத் தாழ்ந்தது. திரும்பிப் பார்த்தேன். நான் மிதித்த இடத்திலெல்லாம் கறுப்பாக ஏதோ உதிர்ந்து கிடந்தது.

"ஏன்டா நொண்டுற?" என்றார் அக்காவின் கணவர்.

"ஹீல் உதிருது மாமா."

"உதிருதா? அது என்ன ஹீலா, பிஸ்கட்டா?"

அக்கா சிரிக்கவில்லை. "இனிமே திரும்ப முடியாது. வாசல்ல கழட்டிட்டா யாரு பாக்கப் போறா? கடைசியா வா."

கடைசியாகப் போனேன். சப்பாத்தைப் பூச்சட்டிக்குப் பின்னால், குதி சுவரைப் பார்த்தபடி வைத்தேன். கூடத்தில் எனக்குக் கிடைத்த நாற்காலி வாசலைப் பார்த்து இருந்தது. கேட்டிலிருந்து படி வரை வெள்ளை மொசைக் தரை. அதில் ஏழு கறுப்புத் தடங்கள். இரண்டு முறை எண்ணினேன்; ஏழுதான். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. நம் வீடுகளில் விருந்தாளியைக் கேட் வரை வந்து வழியனுப்புவார்கள். மொத்தக் குடும்பமும் சுற்றி நிற்க, நான் குனிந்து அதை மாட்ட வேண்டும்.

ஆசிரியை தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் நிமிரவில்லை. பத்திரிகைக்கு எத்தனை பக்கம் என்று அவருடைய அப்பா கேட்டதற்கு, "ஏழு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வெளியே துடைப்பச் சத்தம் கேட்டது. ஆசிரியையின் அம்மா உள்ளே தலையை நீட்டினார். "என்னங்க, வாசல்ல கரி மாதிரி கொட்டிக் கெடக்கு. கூட்டுனா ஒட்டுது."

அப்பா எழுந்து போனார். திரும்பி வந்து நின்றுகொண்டே கேட்டார்: "பூச்சட்டிக்குப் பின்னால இருக்குற சப்பாத்து யாரோடது?"

"என்னோடதுங்க," என்றார் மாமா, யோசிக்காமல்.

மாமாவின் கால் என் காலைவிட இரண்டு அளவு பெரியது. பெரியவரின் பார்வை அந்தக் காலுக்குப் போவதைக் கண்டேன்.

"இல்லீங்க. என்னோடது," என்றேன். அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள்.

சமையலறை வாசலில் நின்ற ஆசிரியைதான் கேட்டார். "பெட்டியில வச்சிருந்தீங்களா?"

"மூணு வருஷம்."

"அப்பாவோடதும் அப்படித்தான் போச்சு. ரிட்டயர்மென்ட் விருந்துக்குன்னு எடுத்து வச்சிருந்தாரு. மேடை ஏறுறதுக்குள்ள ரெண்டு ஹீலும்..."

"போதும்மா," என்றார் அப்பா.

மாமா மட்டும் சிரித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கிளம்பும்போது பெரியவர் தன் ரப்பர் செருப்பை எனக்கு முன்னால் போட்டு, சப்பாத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் கொடுத்தார். "சொல்லி அனுப்புறோம்," என்றார் அம்மா. முந்தைய இரண்டு வீடுகளிலும் இதையேதான் சொன்னார்கள்.

மறுநாள் அந்தப் பையைச் சீனரிடம் கொண்டுபோனேன். குதியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது. இதில் ஆணி நிற்காது, நம் ஊர் ஈரக்காற்று நுரையைத் தின்றுவிடும், சும்மா வைத்திருந்தாலும் போகும் என்று மலாய் மொழியில் சொன்னார். பிறகு என் காலில் இருந்த தோல் குதியைக் காட்டி, அதைத் தேயத் தேய மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்றார். பையை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

செருப்பு என் மேசைக்கு அடியில் இருந்தது. "வேணாம்னு முடிவு பண்ணிட்டா செருப்பத் திருப்பிக் கேக்க மாட்டாங்க லா. போனா போவுதுன்னு விட்டுடுவாங்க," என்று மாமா சொல்லியிருந்தார். ஒவ்வொரு நாளும் காலால் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் செய்திகளைத் திருத்தினேன். அந்த வாரம் இரண்டு தலைப்புகளில் பிழை விட்டேன்.

ஒன்பதாம் நாள் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பெரியவர். "தம்பி, அந்தச் செருப்பு எப்ப வரும்?"

"ஞாயித்துக்கெழம கொண்டு வரேங்க."

"சரி." வைத்துவிட்டார்.

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? இப்படி ஒரு வார்த்தையை நம்பி ஒரு நிருபர் செய்தி எழுதிக் கொடுத்திருந்தால் நான் போட்டிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன், சரிந்த குதியோடு. புது ரப்பர் வைக்க நேரம் இருந்தது, வைக்கவில்லை. பெரியவர் கேட்டிலேயே நின்றார். செருப்பை வாங்கி ஓரமாகப் போட்டார். படியருகே நான் கழற்றியதில் ஒன்றை எடுத்துத் திருப்பி, குதியின் அடுக்குகளை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"எத்தன தடவ ரப்பர் அடிச்சது?"

"மூணு."

"ஒரு பக்கமா தேயுது."

"ஆமாங்க."

வானத்தைப் பார்த்தார். கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. "மழ வரும். வெளிய வைக்காத," என்று இன்னொன்றையும் அவரே எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். கதவுக்குப் பின்னால் அவர்கள் வீட்டுச் சப்பாத்து அடுக்கு இருந்தது. கீழ்த்தட்டில் பெண்கள் போடும் செருப்பு ஒன்றை நகர்த்தி இடம் செய்து, இரண்டையும் வைத்தார்.