கழுவிய கையோடு வாங்கிய கத்தி

எண்ணூரில் ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவன் நான். சொரசொரப்பான பிடியுள்ள என் பழைய மடக்குக் கத்தி பார்க்க நன்றாயில்லை என்று, வழவழப்பான எஃகுப் பிடி போட்ட ஒன்றை வாங்கினேன். குளித்துவிட்டுப் போய்க் கடையில் பிடித்துப் பார்த்தபோது கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது.

மறுநாளே கடலில் இன்ஜின் விசிறியில் வலை சிக்கியது. இன்ஜினை நிறுத்தினோம். கூட வந்திருந்த மச்சான் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, குனிந்து வலையை அறுத்தேன். கையெல்லாம் மீன் கொழகொழப்பு. அழுத்தியதும் பிடி வழுக்கி, விரல்கள் கத்தியின் கூர்மேல் ஓடின. கத்தி கடலில் விழுந்தது. உள்ளங்கையெல்லாம் ரத்தம்.

"இன்னா மாமா, வெரலு கீதா?" மச்சான் என்னைப் படகுக்குள் இழுத்துக்கொண்டே கேட்டான். பயந்து பயந்து விரித்துப் பார்த்தேன். நல்லவேளை, தோல்தான் கிழிந்திருந்தது.

இப்போதெல்லாம் கத்தி வாங்குவதென்றால், மீன் இறக்கிய கையைக் கழுவாமலே போய்ப் பிடித்துப் பார்க்கிறேன். கடைக்காரர் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும், கடலில் என் கை இப்படித்தான் இருக்கும்.