ஜெயசீலன் அண்ணன் வாயில் விரல் வைத்த நாள்

புனே ஹிஞ்சேவாடி நெரிசலில் கம்பெனி வண்டி நின்றுகொண்டிருந்தபோது ஜெயசீலன் அண்ணனின் மகள் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, பப்பா நஹீ ரஹே" என்றவள், எனக்காகத் தமிழைத் தேடிப்பிடித்து, "அப்பா இல்ல ஆன்ட்டி" என்றாள். அழுதேன். அழுகையின் நடுவிலும், அடக்கத்துக்கு எவ்வளவு கூட்டம் வருமோ என்று ஓடியது என் புத்தி.

அவரும் நானும் வார இறுதிகளில் டென்னிஸ் நடுவர்கள். புனேவுக்கு அணிகள் மோதும் லீக் வந்ததும் அவர் அறிவிப்பாளராகி மைக்கைப் பிடித்துக்கொண்டார். நான் நடுவர் நாற்காலியிலேயே இருந்தேன். அதுவரை சர்வீஸ் போடும்போது யாராவது இருமினாலே முறைப்போம். லீக்கிலோ பாட்டு, டோல் மேளம், விசில். நான் முகம் சுளித்தால், "ஏட்டி, இது கோயில் ஆராதனை இல்ல, ஊரே கூடித் திங்கிற அசன விருந்து" என்பார்.

லீக்கில் யார் எடுக்கும் கேமும் அணிக் கணக்கில் சேரும். தோற்கிறவளுக்கும் கைதட்ட வேண்டும் என்று நிக்டி பக்கத்து ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மராத்தியில் பழக்கியவர் அவர். டென்னிஸுக்கு இந்த ஊரில் கூட்டம் சேர்த்தவர் என்று எல்லோரும் அவரைச் சொல்வார்கள். விதியைக் காத்தவள் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு எரியத்தான் செய்தது.

ஒருநாள் ஒரு பெண் தன் செட்டைத் தோற்றுக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரே ஒரு கேம் எடுத்தால் அவள் அணி ஜெயித்துவிடும். சர்வீஸ் போட நின்றவள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தாள். அமைதி, அமைதி என்று நான் கத்தினேன், யார் கேட்டார்கள்? அண்ணன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து வாயில் விரல் வைத்தார். அரங்கமே அடங்கியது. அவள் அந்த கேமை எடுத்தாள். கூட்டம் அண்ணன் பெயரைச் சொல்லிக் கத்தியது.

"சத்தமெல்லாம் உங்களோடது. அமைதியையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதா, அண்ணே?" என்று சண்டைக்குப் போனேன்.

"நீ கேட்டதைத்தானட்டி வாங்கிக் குடுத்தேன்" என்று சிரித்தார். அதைக் கேட்டு இன்னும் வயிறு எரிந்தது.

அடக்கத்தன்று சபைக் கோயில் கொள்ளவில்லை. டோல்காரர்கள், ஆட்டக்காரர்கள், நிக்டி குடும்பங்கள் என்று ஒரே இரைச்சல். போதகர் ஐயர் என்னைப் பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார். இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்ட மைக். "அமைதி" என்றேன். ஒருவரும் திரும்பவில்லை. பெட்டியருகே உட்கார்ந்திருந்த அவர் மகள் எழுந்து, அப்பாவைப் போலவே வாயில் விரல் வைத்தாள். கோயில் அடங்கியது.

நன்றாகத்தான் பேசினேன். எல்லோரும் கேட்டார்கள். அந்த அமைதியையும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். உங்களைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை அப்படியே என்னிடம் இருக்கிறது, அண்ணே. இதையாவது எனக்கு விட்டுவையுங்கள்.