மரத்துக்குப் பின்னாலிருந்து வந்த சீட்டி

மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு துரை, குதிரையை நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் ஆட வைப்பார். அவர் சீட்டியடித்தால்தான் அது ஆடும். என் வீட்டுக்காரர் அதைப் பராமரிக்கும் குதிரைக்காரர். புல் சுமப்பது நான். துரை காய்ச்சலில் செத்தபின் குதிரை ஆடவில்லை. நாளைக்கும் ஆடாவிட்டால் சுட்டுவிடுவேன் என்றார் புதுத் துரை.

“அவரு மாதிரியே சீட்டியடிச்சி கிண்டல் பண்ணுவியே புள்ள, மரத்துக்குப் பின்னால நின்னு அடி” என்றார் வீட்டுக்காரர்.

“பொம்பள சீட்டியடிச்சா குடும்பத்துக்கு ஆவாதுன்னு உங்கம்மா சொல்லுவாங்களே?”

“குதிரைக்கு ஆவும், போ.”

மறுநாள் காலை மரத்துக்குப் பின்னால் நின்றேன். பயத்தில் உதடு காய்ந்து வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் என் காதோரம் சீட்டி கேட்டது. குதிரை ஆடியது.

“அசல் அவரேதான்” என்று வீட்டுக்காரர் அல்வா வாங்கித் தந்தார். தின்றேன். அடித்தது நானில்லை என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.