எரியும் பாதங்களின் முறையீடு

சென்ற கிழமை டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் சுகந்தன் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்நாட்டு இராணுவத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானுக்குப் போனவர். அங்கே ஒரு வெடிப்பில் கால் நரம்புகள் சிதைந்தன. இன்றும் போர்வை பட்டாலே பாதங்கள் எரியும்.

ஆனால் இழப்பீட்டு அலுவலகத்தின் கடிதமோ ‘இலேசான பாதிப்பு’ என்கிறது. மேன்முறையீடு செய்ய அவருக்கு மனமில்லை. ‘ஐயா சொன்னாலாவது கேப்பார்’ என்று மனைவி மாலினிதான் கோயிலில் தேவாரம் ஓதும் என்னை அழைத்திருந்தார்.

நான் நுழைந்ததும் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் சுகந்தன். நான் அமரும்வரை நின்றார்.

“பாத்தீங்களே ஐயா? அண்டைக்கு ஆசுப்பத்திரியில டொக்டர் வரேக்கையும் இப்பிடித்தான் டக்கெண்டு எழும்பினவர். எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு கேக்க, நல்லாய் இருக்கிறன் எண்டும் சொன்னவர்” என்றார் மாலினி.

“டொக்டர் வந்தா எழும்பாமல் இருக்கேலுமே?”

“திரும்பி வரேக்க கார் பெடலை மிதிக்கேலாமல் இருந்தீங்களே, அதையும் அந்த டொக்டருக்குச் சொல்லியிருக்கலாம்.”

டொக்டரின் அறிக்கையில் ‘உதவியின்றி விரைவாக எழுந்தார்’ என்றிருந்தது. எழுதியவரைக் குறை சொல்ல முடியுமா? கண்டதை எழுதியிருக்கிறார். கோயிலில் சுகந்தன் அசையாமல் நிற்பதை நானே எத்தனையோ முறை மெச்சியிருக்கிறேன்... அவர் என்ன விலை கொடுத்து நின்றார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சுகந்தன் தலை குனிந்தபடி சொன்னார்: “எனக்குப் பக்கத்தில நிண்டவனுக்குக் காலே இல்லை ஐயா. நான் என்னெண்டு முறைப்பாடு எழுதிறது?”

நாள்தோறும் நான் ஓதும் பதிகங்களில் அடியார்கள் செய்வதென்ன? நோகிறது, தாங்கேன், கண்டும் காணாதிருப்பதேன் — என்று இறைவனோடேயே வழக்காடுகிறார்கள். அவர்களில் எவரும், அடுத்தவருக்கு இன்னும் நோகிறதே என்று வாய் மூடியதில்லை. இத்தனை காலமும் பண்ணில் மயங்கி, முறையீட்டைக் கேளாதிருந்துவிட்டேன்.

“கடவுளோட வழக்காடலாம். கடிதம் போட்ட கந்தோரோட வழக்காடக் கூடாதோ தம்பி?”

மாலினி கணினியைத் திறந்தார். “கடவுள் கெடு வைக்கேல்லை ஐயா. கந்தோர்க்காரருக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.”

சுகந்தன் சிரித்துவிட்டார். பிறகு, “எழுதும்... கால் கொஞ்சம் நோகுது” என்றார்.

மாலினி விசைப்பலகையைத் தொடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி. எரியுது. ஒவ்வொரு நாளும் எரியுது.”

முறையீடு மறுநாளே போய்விட்டது. பதில் எப்படியும் வரட்டும். அந்தக் ‘கொஞ்சத்தை’ எடுப்பதற்கே எங்களுக்கு ஒரு பின்னேரம் ஆயிற்று.