சீரகம் மடித்த காகிதம்

முதல் மழையின் ஈரம் சாக்குகளில் ஏறியதும் ஒரு வாசனை எழும்... மல்லி, சுக்கு, நனைந்த சணல் எல்லாம் கலந்து கண்ணைச் செருகவைக்கும் வாசனை.

இரண்டாவது உலக யுத்த காலம். சாலைக் கடைத்தெருவில் இருப்பதிலேயே சின்னப் பலசரக்குக் கடை என்னுடையது. பெரிய கடைகளில் இல்லாத சரக்கு ஒன்றாவது என்னிடம் இருந்தால்தான் பிழைப்பு. காப்பிக்கொட்டை கிடைக்காத நேரம். சுக்குக் காப்பிப் பொடி விற்கலாமென்று பல நாளாக இடித்துப் பார்த்தும் பக்குவம் கூடவில்லை.

ஒரு மத்தியானம், மழைச் சத்தத்தில் பாதித் தூக்கம்... சுக்கு இத்தனை, மல்லி இத்தனை, ஏலம் இத்தனை என்று யாரோ மனசுக்குள் நிறுத்துக் காட்டியதுபோல் வந்தது. பேரேட்டில் கணக்கைத் தவிர வேறெதுவும் எழுதமாட்டோம், அது லட்சுமி. கைக்கெட்டிய காகிதத்தில் கிறுக்கிவிட்டு மறுபடி கண்ணை மூடினேன்.

அந்நேரம் பழவங்காடி ஹோட்டல் சமையல்காரர் சீரகம் வாங்க வந்திருக்கிறார். சுவாமி என்றுதான் கூப்பிடுவோம். தூக்கக் கலக்கத்தில் அதே காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறேன்.

விழித்தபோது அளவும் நினைவில்லை, காகிதமும் இல்லை. எந்தப் பொட்டலத்துக்கோ மடித்துவிட்டேன், யாருக்கென்று தெரியவில்லை.

நாலு நாள் குத்துமதிப்பாக இடித்தேன். என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "காய்ச்சல் இல்லாதவனுக்கும் வந்துரும், கேட்டேளா" என்றாள். வெளியில் விசாரிக்கவும் முடியாது. தொலைந்தது இன்னதென்று சொன்னால் மறுநாளே பக்கத்துக் கடையில் பொடி தொங்கும்.

ஐந்தாம் நாள் சுவாமியே வந்தார்.

"ஓய் பிள்ளைவாள், சீரகப் பொட்டலத்துல என்னமோ எழுதியிருந்தீரே... இடிச்சுப் போட்டுக் குடிச்சேன். கொள்ளாம், நன்னாவே இருக்கு. ஏலம் மட்டும் பாதி போரும்."

பக்கத்துக் கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டேன். "ஹோட்டல்ல போடப் போறீரா சுவாமி?"

"பேடிக்காதீரும், ஒரு பயமும் வேண்டாம். எனக்கு இருக்கற அடுப்பே போரும். இந்தாரும், உம்ம காகிதம்."

ஏலத்தைப் பாதியாக்கினேன். அந்தப் பொடிதான் என்னை அந்தத் தெருவில் நிற்க வைத்தது.

அதற்குப்பிறகு, தோன்றுவதை எழுதத் தனி நோட்டு வைத்துக்கொண்டேன். முக்கால்வாசி உதவாதவை. மழைக்குக் குடை வாடகைக்கு விடலாம் என்று ஒன்று... பாதிக் குடை திரும்பி வராது என்று அடியில் நானே எழுதியிருக்கிறேன்.

இப்போது கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பேரன் போனிடம் பேசுகிறான், அதுவே எழுதிக்கொள்கிறது. நூறைத் தொட்டுவிட்ட நான் இதையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வசதிதான்...

எழுதுவதற்குள் நழுவிப்போன யோசனைகளும் சில உண்டு. வந்தது ஞாபகம் இருக்கிறது, என்னவென்று இல்லை. என் வாழ்க்கையிலேயே உசத்தியான யோசனைகள் அவைதான் என்று இன்னும் தோன்றுகிறது.

எழுதி வைத்திருந்தால் அவற்றையும் படித்துச் சிரித்திருப்பேன்.