புத்தம் புதிய பழைய வண்டி

கீழ்வீட்டு அண்ணன் கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்து, டார்ச்சைக் கிடையாகப் பிடித்து, பீரோவுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். "யாரும் அசையாதீங்க" என்கிறார். அந்த வீட்டில் இந்தக் குரல் கேட்டால் நின்றவர் நின்றபடி நிற்க வேண்டும். ஒரு காலைத் தூக்கியிருந்தால் அதை இறக்கவும் அனுமதி கிடையாது. அவர் மனைவி தேநீர்த் தட்டுடன் சமையலறை வாசலில் நிற்கிறார். மாடியில் குடியிருக்கும் நான், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்தவன், சொல்லாமல் நிற்கிறேன்.

காணாமல் போயிருப்பது ஒரு கிளிப். சின்ன அச்சு நழுவாமல் கவ்விப் பிடிக்கும் கம்பி வளையம். எறும்பு தலையில் வைத்துக்கொண்டு போய்விடும், அவ்வளவுதான் அளவு. நெம்பும்போது விரல் பிசகினால் 'டிங்' என்று கிளம்பிவிடும். "டிங்குனு கேட்டுச்சு. அப்போ இரும்புல பட்டிருக்கு. பீரோதான்" என்று தரையிலிருந்தே துப்புத் துலக்குகிறார். கடைசியில் அது அவருடைய நரைத்த தலைமுடிக்குள் இருந்தது. அண்ணி தட்டைக் கீழே வைக்காமல், இடக் கையால் பேன் எடுப்பதுபோல் எடுத்துக் கொடுத்தார். "பாருங்க, தலையிலேயே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடறேன்" என்று எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். சட்டையில் பாதித் தரை ஒட்டியிருந்தது.

தெருவில் அவருக்குப் பெயர் பல்செட்டு அண்ணன். தொழில் அதுதான். பல் மருத்துவர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதற்குப் பல் கட்டுவார். "இந்த ஊர்ல பாதிப் பேர் என் பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறாங்க. என்னைப் பார்த்தா மட்டும் வாயை மூடிக்கிறாங்க" என்பார். சொல்லிவிட்டு அவர் சிரிக்கும்போது மேல்வரிசையில் ஒரு பல் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு தெரியும். தனக்கு ஒன்று கட்டிக்கொள்ள அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. நேரமெல்லாம் வண்டிகளுக்குப் போய்விடுகிறது.

தொழிலில் அவருக்கென்று ஒரு கொள்கை உண்டு. பல்வரிசை ஒரே நேராக, ஒரே வெள்ளையாக இருந்தால் பொய்ப்பல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதனால் ஒரு பல்லை இம்மி திருப்பி வைப்பார். ஈறோரம் மஞ்சளாக ஒரு சாயல் விடுவார். "கொஞ்சம் குறை வச்சாத்தான் தம்பி ஆளுக்குச் சொந்தம் மாதிரி இருக்கும்."

வண்டி என்று நான் சொல்வது முழங்கை நீள வண்டி. பக்கி என்று பெயர். பேட்டரியில் ஓடும், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூர நின்று ஓட்டலாம். மண், மேடு, சரளை என்று எதிலும் ஏறி இறங்குவதற்காகக் கொழுத்த முள் சக்கரங்களும் நான்கு மூலைக்கும் ஸ்பிரிங்கும் வைத்துச் செய்தது. விளையாட்டுச் சாமானா என்று கேட்டால் அவர் முகம் மாறும். இல்லை என்று சொன்னால் அண்ணியின் முகம் மாறும். "ஒரு பக்கினு தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டேன். கூட இத்தனை வரும்னு யாரும் சொல்லல" என்பது அண்ணியின் நிலையான புகார்.

அவருக்கு வேண்டியவை பழைய பக்கிகள் மட்டும். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் விற்றவை. இப்போது அவற்றைச் செய்வாரில்லை. பிளாஸ்டிக், பிஸ்கட்டாக நொறுங்கும் பதத்தில், பரண்களிலிருந்தும் பழைய சாமான் கடைகளிலிருந்தும் வந்து சேரும். ஒரு திருகாணி விடாமல் கழற்றுவார். தேய்ந்த பல்துலக்கியால் கழுவுவார். ஸ்பிரிங்குக்குள் இருக்கும் குழாயில் ஊசியால் எண்ணெய் விட்டு, குமிழி அடங்கும்வரை தானும் மூச்சை அடக்கிக் காத்திருப்பார். மேல்கூடு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அதற்கு உள்பக்கமாகத்தான் வண்ணம் பூச வேண்டும் என்பதால் எல்லாமே தலைகீழ்: "கண்ணு மூக்கு மொதல்ல, முகம் அப்புறம்." வெளுத்துப்போன பாகங்களுக்குக் கறுப்பேற்றத் துணிச் சாயத்தில் போட்டுக் கொதிக்கவைப்பார். ஒருமுறை அண்ணியின் பால் பாத்திரத்தில் கொதிக்கவைத்துவிட்டார். அந்தப் பாத்திரம் வண்டிகளுக்கே என்று ஆனது. கொஞ்ச நாள் அவருக்கு மட்டும் அதிலேயே தேநீரும் போட்டுக் கொடுக்கப்பட்டது.

பழையபடி ஆக்குவதோடு நிறுத்திக்கொண்டால் அவர் பிழைத்திருப்பார். கை சும்மா இருக்காது. ஓடுகிற வண்டிக்கு வேகமான மோட்டார் வைப்பார். அந்த வேகத்தில் பற்சக்கரம் உடையும். இரும்பில் பற்சக்கரம் போடுவார். அச்சு முறியும். அச்சை மாற்றியதும் வண்டி கூடத்திலிருந்து கிளம்பி, வாசலைத் தாண்டி, பார்சல் கொண்டுவந்தவரின் கால்களுக்கு நடுவே புகுந்து எதிர்வீட்டுச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. "பிரேக்கைப் பத்தி யோசிக்கலாம்னுதான் இருந்தேன்" என்றார்.

நான் இயந்திரவியல் படித்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். பட்டச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்ட, ஆணி அடிக்கலாமா என்று அவரிடம்தான் கேட்டேன். அன்றிலிருந்து "இன்ஜினியரே, கொஞ்சம் கீழ வாங்க" என்று கூப்பிடுவார். பற்சக்கர விகிதம் பற்றிக் கேட்கப்போகிறார் என்று சட்டையை மாற்றிக்கொண்டு இறங்குவேன். டார்ச் பிடிக்கச் சொல்வார்.

தெருமுனையில் தையற்கடை வைத்திருக்கும் அம்மா ஒருநாள் துணிப்பையோடு வந்தார். பைக்குள் அவர் மகனின் பழைய பக்கி. மகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அவன் கப்பலுக்குக் கிளம்பும்போது வீட்டில் பெரிய சண்டை. போனால் உன் குப்பையெல்லாம் அள்ளித் தெருவில் வீசிவிடுவேன் என்று அம்மா ஆத்திரத்தில் சொல்லியிருக்கிறார். அவன் பதில் பேசாமல் போய்விட்டான். அதற்குப் பிறகு தொலைபேசியில் அளந்துதான் பேச்சு. பல வருஷம் கழித்து இப்போதுதான் விடுப்பில் வருகிறான். வீசவில்லை, துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்திருந்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வரவில்லை. வண்டியே சொல்லட்டும் என்று நினைத்தார். "ஓடினா போதும் தம்பி. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

"ஓட வச்சுடலாம்க்கா" என்றார் அண்ணன். அண்ணி என்னைப் பார்த்தார். அந்த அம்மாவின் இரண்டாவது வாக்கியம் இவர் காதில் ஏறவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

வண்டியின் முன்பம்பர் பிளந்து, சூடேற்றிய ஆணியால் உருக்கி ஒட்டப்பட்டிருந்தது. பின்சக்கரங்களில் ஒன்று வேறு எதிலிருந்தோ வந்தது. ஓட்டுநர் பொம்மைக்குத் தலை இல்லை. கழுத்தின்மேல் ஒரு கறுப்புக் கோட்டுப் பொத்தானை ஒட்டியிருந்தான் பையன். பக்கவாட்டில் நகப்பூச்சால் மின்னல் ஒன்று, அதுவும் வெளிப்பக்கமாக. "வெளிய பூசியிருக்கான் பாருங்க" என்று, சொத்தைப் பல்லைப் பார்த்த மருத்துவர் மாதிரி நாக்கைத் தட்டினார்.

பிறகு நடந்ததை வேலை என்று சொல்ல முடியாது, வெறி. எங்கோ இருக்கும் ஒரு சேகரிப்பாளரிடமிருந்து உறை பிரிக்காத பம்பர் வந்தது, தலையுள்ள ஓட்டுநர் வந்தார், புது மேல்கூடு வந்தது. பெட்டிப் படத்தில் இருந்த அதே சிவப்பை உள்ளே பூசினார். இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த வண்டி நூல் பிடித்ததுபோல் நேராக ஓடியது, சத்தமே இல்லாமல். கடையிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி இருக்கிறது என்று நானும் பாராட்டினேன். அண்ணிகூடப் படம் எடுத்தார்.

மகன் வந்து, விடுப்பு முடியும் சமயத்தில்தான் தையற்கடைக்கு அண்ணனும் நானும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவன் வண்டியைத் திருப்பிப் பார்த்தான். கவிழ்த்துப் பார்த்தான்.

"நல்லாயிருக்கு. எங்கேம்மா வாங்கின?"

"வாங்கலடா. உன்னோடதுதான்."

"என்னோடது எனக்குத் தெரியாதாம்மா? தூக்கிப் போட்டுட்டேன்னு சொல்லிட்டுப் போயேன். நான் என்ன சண்டையா போடப்போறேன்?"

அந்த அம்மா அண்ணனைப் பார்த்தார். இவர் உதவிக்கு வந்தார், வராமல் இருந்திருக்கலாம். அது அவனுடைய வண்டிதான், பம்பரை மட்டும் மாற்றினேன் என்றார். பிறகு சக்கரத்தையும் என்றார். மேல்கூடும் மோட்டாரும் ஓட்டுநரும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"அப்போ மாத்தாதது என்ன மாமா?" என்று கேட்டான் மகன்.

அண்ணன் யோசித்தார். பொய் சொல்ல வராதவர் என்பதால் நன்றாகவே யோசித்தார். "அடித்தட்டு. அது உன்னோடதுதான்ப்பா. கீறலை மட்டும் தேய்ச்சு எடுத்துட்டேன்."

அவன் கடைக்காரரைப் பார்த்துச் சிரிப்பதுபோல் மரியாதையாகச் சிரித்தான். வண்டியைத் துணி வெட்டும் மேசைமேல், அடுத்தவர் பொருளை வைப்பதுபோல் ஓரமாக வைத்தான். நாளைக்குச் சாயங்காலம் கிளம்பணும், பெட்டி கட்டணும் என்று உள்ளே போனான். அம்மா தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து மிதித்தார். ஊசியில் நூல் இல்லை. துணி பாட்டுக்கு ஓட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தது.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அண்ணன் நின்றார். "வாய்க்குக் குறை வைக்கத் தெரியுது, வண்டிக்கு வைக்கத் தெரியல. ஒரு பல்லைச் சரி பண்ணுடான்னா ஆளையே மாத்தி அனுப்பிட்டேன் இன்ஜினியரே" என்றார்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போகவில்லை. கழற்றிய எதையும் எறிகிற பழக்கம் அவருக்கு இல்லாததால் பழைய பாகங்கள் எல்லாம் ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பாவில் இருந்தன. நான் டார்ச் பிடித்தேன். நேராக ஓடிய வண்டியைக் கோணலாக ஓட வைக்க அவர் பட்ட பாட்டை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள். வழவழவென்று சுழலும் பேரிங்குகளைப் பிடுங்கி, லொடலொடக்கும் பழைய வளையங்களை மறுபடி மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் மரத்துப்போகும் ஊசி போடாமல் தன் பல்லையே பிடுங்கிக்கொள்வதுபோல் முகம் சுளித்தார். உருக்கி ஒட்டிய பம்பர் ஏறியது. பொருந்தாத சக்கரம் ஏறியது. பொத்தான் தன் கழுத்துக்குத் திரும்பியது.

மின்னலில்தான் சிக்கல். பழைய மேல்கூட்டில், பூச்சைக் கரைக்கும் தின்னர் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க முன்பே ஒருதரம் துடைத்திருந்தார். மின்னலில் பாதி போய்விட்டது. அண்ணியின் மேசையிலிருந்து அதே நிற நகப்பூச்சை எடுத்துவந்தார். பல்லுக்குச் சாயல் விடும் மெல்லிய தூரிகையை எடுத்தார். அவர் போட்டால் பழையது எது, புதியது எது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

"வேணாம்" என்றார் அண்ணி. "அது அந்தப் பையன் கை. நீங்க போட்டா அதுவும் பல்செட்டுதான்."

தூரிகையின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. அதைத் துணியில் துடைத்துவிட்டு எழுந்தார்.

நாங்கள் போனபோது கடை வாசலில் பெட்டி தயாராக இருந்தது. அண்ணன் வண்டியை அவன் கையில் கொடுத்தார். "மின்னலை அழிச்சது நான்தான்ப்பா. உங்கம்மா ஓடினா போதும்னுதான் சொன்னாங்க. நான்தான் கேக்கல." அவர் வேடிக்கை எதுவும் சேர்க்காமல் பேசி அன்றுதான் பார்த்தேன்.

அவன் கட்டைவிரல் பம்பரில் உருகி உறைந்திருந்த முண்டைத் தடவி நின்றது. பிறகு பொத்தானைத் தொட்டு, "இதை எங்கேருந்து எடுத்தேன்னு தெரியுமாம்மா?" என்றான்.

"தெரியாம என்ன? வக்கீல் கோட்டுது. ஒரு பொத்தானுக்காக அந்த மனுஷன் இதே வாசல்ல நின்னு கத்தின கத்து இன்னும் காதுல இருக்கு. அலமாரியைத் தூசி தட்டும்போதெல்லாம் இது என்னைப் பார்த்து முழிக்கும்."

"அப்புறம் ஏன் என்னைத் திட்டல?"

"திட்டலையா? நல்லா யோசிச்சுப் பாரு."

அவன் சிரித்துவிட்டான். அந்த அம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் வண்டியின் முதுகைத் துடைத்தார், அங்கே தூசி எதுவும் இல்லை. அவன் வண்டியைத் தெருவில் இறக்கி, ரிமோட்டை அம்மாவின் கையில் திணித்து, பின்னால் நின்றுகொண்டான். "கொஞ்சம் வலது பக்கமாவே புடிச்சுக்கோம்மா. இது இடது பக்கம் இழுக்கும்."

வண்டி கிளம்பியது. லொடலொடவென்று, ஒரு சக்கரம் ஆட, இடப்பக்கம் சாய்ந்து சாக்கடையை நோக்கிப் போய், கடைசி நொடியில் திரும்பி, மறுபடி சாய்ந்தது. என் பக்கத்தில் நின்ற அண்ணனின் வலது கை தானாக முன்னே நீண்டு, இல்லாத திருகாணி ஒன்றைக் காற்றில் கால் சுற்று திருகியது. அவர் அதை இடக் கையால் மணிக்கட்டோடு பிடித்து, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், அங்கேயே இறுக்கி வைத்துக்கொண்டார்.