மூன்றாவது பதில்

கண்ணாடிக்காரர் என்றால் கண்ணாடிக் கடை முதலாளி என்று நினைத்துவிட வேண்டாம். முதலாளி வெளியே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர். நம் ஆள் உள்ளே இருட்டறையில் கண் சோதிப்பவர். பதினெட்டு வருடமாக எதிரில் இருப்பவர்களின் மூக்கில் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, இல்ல இதுவா?" என்று கேட்பது அவர் பிழைப்பு. ஊரில் பாதிப் பேர் அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அவரை யாராவது எதையாவது கேட்டால் மட்டும் ஒரே பதில்தான்: "உங்க இஷ்டம்."

இதைப் பணிவு என்று மெச்சுபவர்கள் உண்டு. அவரோடு இருபது நிமிடத்துக்கு மேல் பழகாதவர்கள் அவர்கள். முடிவெட்டுகிறவர் ஒருமுறை அந்த வார்த்தையை அப்படியே நம்பிவிட்டார். மூன்று மாதம் கண்ணாடிக்காரர் தொப்பியோடு திரிந்தார். வீட்டுக்கு வர்ணம் பூச வந்தவரும் நம்பினார். வேறெங்கோ மிச்சப்பட்ட கத்தரிப்பூ நிறம் கூடத்துச் சுவரில் ஏறியது. அன்றிலிருந்து அங்கே உட்காருகிற எல்லோரும் ஜுரத்தில் கிடந்து எழுந்தவர்கள் மாதிரிதான் தெரிகிறார்கள்.

மனைவிக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. ரயிலில் ஒன்பது மணி நேரம் தள்ளியிருக்கும் தலைமைக் கூடத்துக்குப் போக வேண்டும். சம்மதமா இல்லையா என்று எழுதிக்கொடுக்க ஒரு மாத அவகாசம்.

"ஏங்க, போகட்டுமா வேண்டாமா?"

"உன் இஷ்டம்மா."

"நான் போனா நீங்க வருவீங்களா?"

"அதுவும் உன் இஷ்டம்தான்."

"வரப்போறது நீங்க. அது எப்படிங்க என் இஷ்டமாகும்?"

கேள்வியில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டு கண்ணாடிக்காரர் தலையாட்டினார். தலையாட்டியதோடு சரி.

இந்தக் கட்டத்தில்தான் மச்சினன் தன் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, அதே கத்தரிப்பூச் சுவரை ஒட்டி மேசை போட்டு வைத்தான்.

"சும்மா கிடக்குது அத்தான். நீங்க ஏதாவது கேம் ஆடுங்க. சுடற கேம் போடட்டா?"

"சத்தமா இருக்கும்பா."

"கார் ஓட்டறது?"

"தலை சுத்தும்."

"அப்ப உங்களுக்கு ரோல் பிளேயிங்தான் சரி. கதையில நீங்க ஒரு ஆளா மாறணும். அந்த ஆளுக்கு ஒரு குணம் இருக்கும். நீங்க என்ன பேசறீங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி கதை திரும்பும்."

"கேக்கவே நல்லாயிருக்கே. எது நல்லது?"

"அது உங்க இஷ்டம்," என்றான் மச்சினன், பழி தீர்த்த முகத்தோடு.

ஆராய்ச்சி தொடங்கியது. கடையின் மருந்துச்சீட்டு போன்ற துண்டுத்தாளில் வலது கண், இடது கண் என்று இரண்டு கட்டம் இருக்கும். வலது கண்ணில் விளையாட்டின் நல்லதையும் இடது கண்ணில் கெட்டதையும் எழுதிச் சேர்த்தார். ஒன்றில் திருடனாக வாழலாம். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்களோ என்று தள்ளினார். ஒன்றில் விண்கலத்துக்குத் தலைவராகலாம். முந்நூறு உயிருக்குப் பொறுப்பேற்கிற உடம்பா இது? இன்னொன்றில் அரச குடும்பம். முதல் காட்சியிலேயே மூத்த மகனுக்குப் பட்டமா இளையவனுக்கா என்று சொல்ல வேண்டுமாம். அந்தச் சீட்டைக் கிழித்தே போட்டார். இப்படி மூன்று வாரம் போயிற்று. மனைவியின் ஒரு மாதத்தில்தான் இந்த மூன்று வாரமும் கழிந்தது என்பதை அவள் மட்டும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு விளையாட்டின் விமர்சனத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: "இதில் தவறான பதில் என்பதே கிடையாது." வாழ்நாள் முழுக்கத் தேடியது கிடைத்துவிட்ட பரவசத்தோடு அவர் அதைத் தேர்ந்தெடுத்தார்.

மலைகளைக் கடந்து போகும் ஒரு பயணிகள் கூட்டம். வழிநடத்துபவர் கண்ணாடிக்காரர். கூட ஒரு கிழட்டுச் சிப்பாய், ஒரு வைத்தியர், வரைபடம் போடுகிற ஒரு பெண். அந்தப் பெண்ணை அவருக்குப் பிடித்துப்போயிற்று. நிதானமாகப் பேசுவாள், எதையும் இவரைக் கேட்டுத்தான் செய்வாள். முதல் பாலத்தருகே வந்ததும் கேட்டாள்: "பாலம் ஆடுகிறது. தாண்டுவோமா, சுற்றிப் போவோமா?" திரையில் மூன்று பதில்கள். ஒன்று, தாண்டுவோம். இரண்டு, சுற்றிப் போவோம். மூன்று, உன் விருப்பம்.

மற்றவர்களாக இருந்தால் ஒன்றை அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். பதினெட்டு வருடத் தொழில் இவரை விடுமா? ஆட்டத்தை அங்கேயே சேமித்துவைத்து, முதல் பதிலை அழுத்தி என்ன ஆகிறது என்று பார்த்தார். திரும்பி வந்து இரண்டாவதைப் பார்த்தார். மறுபடி முதலாவது. மறுபடி இரண்டாவது. இது தெளிவா, இதுவா? கடைசியில் மூன்றாவதை அழுத்தினார். ஒவ்வொரு கேள்விக்கும் இதே சோதனை, இதே முடிவு.

மச்சினன் போன் பண்ணினான். "எத்தனை மணி நேரம் ஆடியிருக்கீங்க?"

"பதினாலு."

"அடேயப்பா! எங்க வந்திருக்கீங்க?"

"பாலத்துல."

"எந்தப் பாலம்?"

"முதல் பாலம்."

"அத்தான், அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கதவுதானே இருக்கு!"

"கதவுலேயே மூணு மணி நேரம் போச்சுப்பா. அது இருக்கட்டும், கேம்ல ஏதோ கோளாறு. துணிவு, இரக்கம், தந்திரம் எல்லாத்துலயும் எனக்குப் பூஜ்யம் போட்டிருக்கு. குணம்னு ஒரு இடம் இருக்கு, அதுல 'இன்னும் தெரியவில்லை'ன்னு வருது."

மறுமுனையில் சிரிப்பு வந்தது.

மாத அவகாசத்தின் கடைசி நாளுக்கு முந்தைய சாயங்காலம். மனைவி சம்மதப் படிவத்தோடு அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். மறுநாள் அலுவலகம் திறக்கும்போது அது மேலதிகாரியின் மேசையில் இருந்தாக வேண்டும். திரையில் வரைபடக்காரி மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். மனைவி வாய்விட்டுப் படித்தாள்.

"'ஐந்து முறை கேட்டேன். என் விருப்பம் என்னவென்று எனக்குத் தெரியும். உன் விருப்பத்தைத்தான் கேட்டேன். நான் போகிறேன்.'"

வரைபடக்காரி போய்விட்டாள். கண்ணாடிக்காரர் பதறிப்போய் முன்னால் சேமித்த இடத்துக்குப் போனார். பழைய பதில்களை ஆட்டம் மறக்கவில்லை; அங்கேயும் அவள் மூட்டை கட்டினாள். அதற்கும் முன்னால் போய்ப் பார்த்தார். கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆறு இடத்தில் பார்த்தார். ஆறு இடத்திலும் போனாள்.

"எழுதினவங்க விவரமான ஆளுங்கதான்," என்றாள் மனைவி. "நானும் அஞ்சாவது தடவையா கேக்கறேன். போகட்டுமா, வேண்டாமா?"

திரையில் சிப்பாயும் வைத்தியரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கு அந்த ஊர் வேண்டாம்," என்றார்.

கேட்ட அவளே ஒரு அடி பின்வாங்கினாள். பிறகு சுதாரித்துக்கொண்டாள். "கல்யாணமான இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் உங்க வாயிலேர்ந்து ஒரு 'வேண்டாம்' வருது. அது என் ப்ரமோஷனுக்குத்தானா வரணும்?"

"ப்ரமோஷன் வேண்டாம்னு யாரு சொன்னா? நீ அந்த வேலைக்குப் போகணும். இங்க உனக்கு மேல இருக்கிறவருக்கு டெஸ்ட் ட்யூபுக்கும் டீ கிளாஸுக்கும் வித்தியாசம் தெரியாது. போய்த்தான் ஆகணும். ஆனா ஊர் எனக்குப் பிடிக்கலை. இங்க யார் கண்ணு எப்படின்னு எனக்குத் தெரியும். அங்க யாரைத் தெரியும்?"

"அப்ப நான் தனியா போகணுமா?"

"நானும் வர்றேன். பிடிக்காமதான் வருவேன். வந்து தினமும் குறை சொல்லுவேன்."

"தினமுமா?"

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

அவள் முகத்தில் கோபமும் சிரிப்பும் இடத்துக்கு அடித்துக்கொண்டன. படிவத்தை மேசையில் வைத்துச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கீழே 'துணைவர் உடன் வருகிறாரா' என்று ஒரு வரி இருந்தது. பேனாவை நீட்டினாள். அவர் 'ஆம்' என்ற கட்டத்தில், தாள் கிழிகிற அழுத்தத்தில் ஒரு டிக் போட்டார்.

"வீடு எங்க தர்றாங்க?"

"குவார்ட்டர்ஸ். நாலாவது மாடி."

"லிஃப்ட்?"

"இல்ல."

"அப்ப நான் ஒத்துக்க மாட்டேன்."

"டிக் போட்டுட்டீங்களே!"

"ஊருக்குத்தான் போட்டேன். மாடிக்குப் போடலை," என்று சொல்லி ஒரு வெள்ளைத்தாளை இழுத்துக்கொண்டு மனு எழுத உட்கார்ந்தார். ஒரு பக்கம் நிரம்பி, மறுபக்கத்தில் பாதி போயிற்று. மனைவி வாங்கிப் படித்தாள்.

"'நான்காம் மாடியை வன்மையாக எதிர்க்கிறேன்'னு எல்லாம் போடணுமா? ஆபீஸ்ல என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். 'வன்மையாக' இருக்கணும்."

அவள் அந்த வார்த்தையை அடிக்கவில்லை. அதற்கு இரண்டு வரி மேலே இருந்த ஒரு எழுத்துப் பிழையை மட்டும் திருத்தி, மனுவைப் படிவத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தினாள்.